மஃரிபுக்குப் பிறகு ஒரு நூல் அறிமுகம்

போன கிழமை கல்முனை பசாரில் ஒரு மருந்துக் கடையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையிலிருந்து ஒரு போத்தல் நழுவி விழுந்து உடைந்தது. வயிற்று உப்புசத்துக்குக் குடிக்கும் கலவை மருந்து. இஞ்சி, ஏலம், கொஞ்சம் ஸ்பிரிட்டு எல்லாம் சேர்ந்த வாசம் கடை முழுக்கப் பரவியது. எல்லோரும் கண்ணாடித் துண்டுக்குப் பயந்து பின்னால் போக, நான் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

“என்ன ஹாஜியார், தல சுத்துதா?” என்று கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. தாடி வெளுத்ததற்கு ஊர் தரும் பட்டம் அது.

“இல்ல மகன், புத்தக வாசம் வருது” என்றேன்.

அவர் பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்தார்.

அவரில் குற்றமில்லை. என் வயதுக்காரர்களுக்குப் புத்தகம் என்றால் பழைய தாள் வாசமோ, பூச்சி உருண்டை வாசமோதான் வரும். எனக்கு மட்டும் வயிற்று மருந்து வாசம் வருகிறதென்றால், அது எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த கோளாறு.

அப்போது நான் கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிக எழுதுவினைஞன். பொத்துவிலில் இருந்து வந்தவன். கல்முனைக்குடியில் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். நாள் முழுக்க அரிசி, சீனி, மாவு என்று ஆட்களோடு கதைப்பேன். வேலை முடிந்தால் ஒரு சொல் கதைக்க ஆளில்லை. பின்னறையில் இருந்தது ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம், ஒரு பல்லி. பல்லியோடு எத்தனை நாளைக்குக் கதைப்பது? அதுவும் ஒரே பதில்தான் சொல்லும்.

அப்படித்தான் லைப்ரரிக்குப் போகத் தொடங்கினேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு சின்னக் கட்டடம். ஆட்களுக்கு நடுவில் ஒன்றும் கதைக்காமல் இருக்கலாம், ஒருவரும் ஏனென்று கேட்கமாட்டார்கள் என்பதுதான் அந்த இடத்தின் பெரிய வசதி. ஆனால் அதில் ஒரு பொறி இருந்தது. இப்போதுபோல நாமே தட்டில் துழாவிப் புத்தகம் எடுக்க முடியாது. எல்லாம் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். சாவி, ஊருக்கே மூத்த அண்ணனான நூலகர் மஜீது காக்காவின் இடுப்பில். அவரிடம் போய், இன்ன புத்தகம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். அவர் சும்மா தரவும் மாட்டார். “அது உனக்குச் சரிவராது, இத கொண்டு போ” என்று ஊருக்கே கேட்கிற மாதிரிப் பரிந்துரை செய்வார். ஒருமுறை ஒரு புது மாப்பிள்ளைக்கு எல்லோர் முன்னாலும் குடும்ப வாழ்க்கை பற்றிய நூலை எடுத்துக் கொடுத்தார். அந்த மனிதன் பிறகு அந்தத் தெருவாலேயே போகவில்லை.

எனக்கோ சாப்பாட்டுக் கடையில் இன்னொரு புட்டுக் கேட்கவே வேர்க்கும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். திரும்பி வந்த புத்தகங்கள் அலுமாரிக்குள் போகும்வரை மேசையில் கிடக்கும். அதில் மேலே இருப்பதை எடுத்து நீட்டிவிடுவது. கேட்கத் தேவையில்லை, பெயர் சொல்லத் தேவையில்லை. இப்படி ஒரு மாதம் கோழி வளர்ப்பும் சோதிடமும் வாசித்தேன்.

பிறகுதான் கவனித்தேன், சில புத்தகங்களில் இந்த மருந்து வாசம் இருந்தது. அப்படி வாசம் அடித்தவை எல்லாம் நல்ல புத்தகங்கள். கீழே வைத்தால் தூக்கம் வராத கதைகள். அதன்பின் மேசையில் கிடப்பதை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பேன்.

மஜீது காக்கா ஒருநாள் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். “டேய் தம்பி, நீ புத்தகம் வாசிக்க வாறயா, கருவாடு வாங்க வாறயா?”

 என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார். “ஓ, டிஸ்பென்சர் ஐயாட புத்தகம். நல்ல மூக்குத்தான்டா உனக்கு.”

டிஸ்பென்சர் ஐயா பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பு ஆள். அரசாங்க மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுப்பவர். ஓய்வு பெறும் வயது. காற்சட்டைக் காலில் கிளிப்பு மாட்டி, பசாரைக் கடந்து சைக்கிளில் எங்கள் பக்கத்து லைப்ரரிக்கு வருவார். ஏன் இவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், “எங்கட பக்கத்து லைப்ரரிய முடிச்சிட்டன்” என்பார், ஏதோ ஒரு சட்டி சோற்றை முடித்த மாதிரி. நான் அவரைப் பார்த்திருந்தேனே தவிர ஒரு சொல் கதைத்ததில்லை. அவர் வாசித்ததையெல்லாம் பின்னாலேயே போய் வாசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மாதக் கடைசி ஞாயிறு, பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு லைப்ரரியில் கூட்டம் நடக்கும். இரண்டு மூன்று பேர் தாங்கள் வாசித்த நூலைப் பற்றிப் பேசுவார்கள். தேத்தண்ணியும் சீனிச்சம்பல் வைத்துச் சுட்ட பணிசும் உண்டு; கூட்டத்தில் பாதி பணிசுக்கு வந்தது. ஒரு மாதம் மஜீது காக்கா என்னைக் கேட்காமலே என் பெயரைப் பலகையில் எழுதிவிட்டார். “எத்தின நாளைக்கு மோந்து பாக்கிற? ஒருநாளைக்கு வாயத் தொற” என்றார்.

ஒரு கலங்கரை விளக்கக் காவலாளியின் கதையை எடுத்துக்கொண்டேன். பெயர்ப் பக்கம் கிழிந்த ஒரு மொழிபெயர்ப்பு. ஒரு கிழமை பல்லிக்கு முன்னால் பேசிப் பழகினேன். பல்லி திருப்தியாகத்தான் இருந்தது.

கூட்டத்தன்று கடைசிப் பேச்சு என்னுடையது. எனக்கு முன்னால் ஒரு பாடசாலை அதிபர் பேசினார். அல்லாஹ் அவருக்கு நீண்ட மூச்சைக் கொடுத்திருந்தான். அவர் பேசப் பேச நான் வாசலில் நின்ற என் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அடுத்ததாக” என்று மஜீது காக்கா எழுந்தபோது பக்கத்துப் பள்ளியில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

எல்லோரும் பள்ளிக்குப் போனோம். கட்டாயத் தொழுகையான பர்ளு முடிந்தது. சுன்னத்துத் தொழுதேன். சனம் எழுந்து போனது. நான் விரும்பினால் தொழும் நபிலும் தொழுதேன். இன்னும் இரண்டு ரக்அத். மறுபடியும் இரண்டு. என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியாக நான் இருந்ததே இல்லை. பாங்கு சொன்ன மோதினார் வந்து பக்கத்தில் குந்தினார்.

“என்ன மகன், சோதின கீதின ஏதும் இரிக்கா? இவ்வளவு உருக்கமாத் தொழுறீங்க?”

“ஓம், அப்படித்தான்” என்றேன். பொய்யில்லை.

லைப்ரரியில் நின்ற என் சைக்கிளை எடுக்க வேண்டுமே என்று பூனைபோல் திரும்பி வந்தேன். நினைத்தபடியே தொழுகைக்குப் போன சனம் அப்படியே வீட்டுக்குப் போயிருந்தது. மஜீது காக்கா கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரேயொரு கதிரை மடிக்காமல் இருந்தது. அதில் டிஸ்பென்சர் ஐயா. அவருக்குப் பள்ளிக்குப் போகும் வேலை இல்லையென்பதை என் திட்டத்தில் நான் சேர்க்கவே இல்லை.

“தொழுது முடிஞ்சுதா தம்பி? சொல்லுங்க, கேப்பம்” என்றார்.

“எல்லாரும் போயிட்டாங்களே ஐயா.”

“நான் போகல்லியே.”

வேறு வழியில்லை. பாடமாக்கியபடியே தொடங்கினேன். “மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே...”

“தாய்மார் ஒருத்தரும் இல்ல, அத விட்டுட்டு விசயத்துக்கு வா” என்றார் கதிரைகளுக்குப் பின்னால் இருந்து மஜீது காக்கா.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்ததும் பயம் விட்டுப்போனது. கதையைச் சொன்னேன். ஐயா கன்னத்தில் கைவைத்து, இடையில் ஒன்றும் கேட்காமல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும், “கடைசில அந்த மனுசன் விளக்க விட்டுட்டுக் கரைக்கு வந்திட்டானே, அது நல்லதெண்டா நினைக்கிறீங்க? நான் ரெண்டு தரம் வாசிச்சன். இன்னும் விளங்கல்ல” என்றார்.

“அப்ப ஐயாக்குக் கத தெரியுமா?”

“நான் கொண்டந்து குடுத்த புத்தகத்தத்தானே எடுத்தீங்க. எப்பவும் அப்படித்தானே.” சிரித்தார். பிறகு மடித்த கதிரைகளைப் பார்த்தபடி சொன்னார். “பெண்சாதி இருக்கக்குள்ள அவவுக்குச் சொல்லுவன். அவ வாசிக்கமாட்டா, கேப்பா. இப்ப ஒரு புத்தகம் முடிஞ்சா அப்படியே வச்சிட்டுப் படுக்கிறதுதான்.”

அதன்பின் இரண்டு வருசத்துக்கு மேல், ஞாயிறு தோறும் லைப்ரரி வாசலில் கிடந்த மர வாங்கில் நாங்கள் குந்தியிருந்தோம். முடித்த கதையை ஒருவருக்கொருவர் சொல்வது, அவ்வளவுதான் வேலை. ஒருமுறை துணிந்து, அவர் வாசிக்காத ஒன்றை நானே கேட்டெடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பிக் கொண்டுவரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. “நல்லாரிக்கு. மழதான் கூட. வாசிக்கக்குள்ள எனக்குத் தடிமனும் தும்மலும் பிடிச்சிட்டு” என்றார். சங்க வேலை நிரந்தரமானபோதுகூட நான் அவ்வளவு சந்தோசப்படவில்லை.

பிறகு தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட அந்தக் காலம் வந்தது. யார் தொடங்கினார்கள் என்று கதைக்கப் போனால் இன்றைக்கும் தேத்தண்ணி ஆறிப்போகும். பசாருக்கு அந்தப் பக்கம் போகாதே என்று இங்கே சொன்னார்கள்; இந்தப் பக்கம் போகாதே என்று அங்கேயும் சொல்லியிருப்பார்கள். லைப்ரரியைப் பூட்டினார்கள். கடைசி ஞாயிறு ஐயா ஒரு தடித்த புத்தகத்தைத் தந்து, “வாசிச்சிட்டுச் சொல்லுங்க, எனக்குக் கேக்க ஆச” என்றிருந்தார்.

அதை வெளியில் வெடிச் சத்தம் கேட்ட நாட்களில் பின்னறையில் இருந்து வாசித்து முடித்தேன். கொஞ்சம் அடங்கியதாகச் சொன்ன ஒருநாள், சொல்லிவிட்டு வரலாமென்று சைக்கிளை எடுத்தேன். வீரன்தான். பசார் முனையில் அத்தனை கடையும் பூட்டு. தூரத்தில் ஒரு தகரம் காற்றில் அடித்தது. அந்தத் தகரச் சத்தத்துக்கு நான் சைக்கிளைத் திருப்பிய வேகத்தில் செயின் கழன்றுவிட்டது. அதை மாட்டக்கூட நிற்காமல், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்தவர்கள் நான் அதைக் களவெடுத்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

பாதை திறந்து, ஆட்கள் போய்வரத் தொடங்கி நான் பாண்டிருப்புக்குப் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. மகளோடு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். எந்த நாடு என்று பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாகத் தெரியவில்லை.

மஜீது காக்கா மௌத்தாகி, அடக்கியும் வருசங்களாகிவிட்டன. லைப்ரரி இப்போது மாடிக் கட்டடம். அலுமாரிக்குப் பூட்டில்லை, யாரும் யாரிடமும் கேட்காமல் விரும்பியதை எடுக்கலாம். கூட்டங்களுக்கு ஒலிவாங்கி உண்டு. என்னையும் கூப்பிடுகிறார்கள். பயமில்லாமல் பேசுகிறேன். சனம் கைதட்டிவிட்டுப் பாங்குக்கு எழுந்து போகிறது. நான் திரும்பி வரும்போது எல்லாக் கதிரையும் மடித்திருக்கும்.

அந்தத் தடித்த புத்தகத்தைப் பற்றி மட்டும் நான் இதுவரை எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. நல்ல புத்தகம், ஐயா. நடுவில் கொஞ்சம் இழுக்குது. ஆனால் அந்தக் கிழவன் படகை விற்கிற இடம் இருக்கிறதே, அதைப் பற்றி உங்களிடம் கதைக்க வேண்டும்.