ஆப்பிள் மரத்தடி வளை

எமிலியானுஸின் கையை மொன்றியல் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். கப்பல் தட்டில் அடுக்கிய கொன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவது அவர் வேலை. மற்றவர்கள் கட்டியதை மேற்பார்வையாளர் ஒருதரம் ஆட்டிப் பார்ப்பார். எமிலியானுஸ் கட்டியதை ஆட்ட மாட்டார். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து, எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, சில காலம் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு ஓய்வு பெறும்வரை துறைமுகத்திலேயே நின்றவர். இப்போது வயது எழுபத்தொன்று. நகரின் வில்லரேப் பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் மனைவி ஜொய்சியோடு இருக்கிறார்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு. ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும் கூட்டம் அவரைக் கண்டால் "துவக்குக்காரர் வாறார்" என்னும். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த கூட்டம் அது. அதற்குள் ஒருவர் காசு கொடுத்துத் துவக்கு வாங்கி வேட்டைக்குப் போகிறார் என்றால் சும்மா விடுவார்களா?

"எமில் அண்ணை, எங்களுக்கு ஒரு மான் இல்லையோ?"

"மான் இல்லையடா. அகிளான்தான். வேணுமெண்டா உனக்குக் கறிக்குத் தாறன்."

அகிளான் என்பது யாழ்ப்பாணத்தில் வரம்பைக் குடையும் எலி. கியூபெக்கில் அவர் சுடுவது அதைவிடப் பல மடங்கு பெரியது. பூனையிலும் பருத்த, குட்டைக் காலும் பழுப்பு மயிரும் உள்ள விலங்கு. புல்வெளிக்கு அடியில் வளை தோண்டிக் குடும்பம் நடத்தும். ஆள் நடமாட்டம் கண்டால் எழுந்து நின்று விசில் அடிக்கும். அதனால் இங்குள்ள விவசாயிகள் அதைச் 'சிஃப்லூ', அதாவது விசிலடிப்பான், என்கிறார்கள். வளைக்குள் உழவு இயந்திரத்தின் சில்லு இறங்கும், மாட்டின் கால் இறங்கும். ஆகவே விவசாயிகளுக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

துறைமுகத்தில் கூட வேலை செய்த ஒருவர்தான் அவரை முதலில் வயலுக்குக் கூட்டிப்போனார். எமிலியானுஸ் முதல் நாளே இரண்டு விழுத்தினார். கம்பி முறுக்கிய கை நடுங்கவில்லை. நொர்மான் என்ற விவசாயி, ஹெமிங்ஃபோர்ட் பக்கத்தில் புல்வெளியும் பூசணித் தோட்டமும் வைத்திருப்பவர், அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் தன் வயல் படலைப் பூட்டின் திறப்பை அவரிடமே கொடுத்துவிட்டார். அந்தத் திறப்பு வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்தில் இருபது வருஷமாகக் கிடக்கிறது.

ஜொய்சி மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். துவக்கு தன் கூரைக்குக் கீழே வரக்கூடாது. ஊரில் ஒரு துவக்கு இருக்கிறதென்று யாரோ சொன்ன சொல்லுக்காக வீடு முழுவதும் கிளறப்பட்டதைப் பார்த்தவர் அவர். எனவே துவக்கு அதே நகரின் அஹுன்ட்சிக்கில் ஜொய்சியின் தம்பி பத்திநாதரின் வீட்டு நிலவறையில், இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. பத்திநாதரும் அதற்காகவே லைசன்ஸ் எடுத்தார். ஆனால் ஒருநாளும் சுட்டதில்லை. அவர் வேலை பைனாகுலரில் பார்ப்பது. அத்தான் சுடுவார், மச்சான் பார்த்துச் சொல்வார். விழுந்தால் பத்திநாதர் மண்வெட்டியோடு போய் விலங்கைப் புதைத்து, வளையைக் கல்லால் அடைத்துவிட்டு வருவார். அத்தான் இடத்தைவிட்டு அசையத் தேவையில்லை. முழங்கால் வருத்தம் வந்த பிறகு அது பெரிய வசதியாகவும் இருந்தது.

சுட்ட சன்னம் விலங்கின் உடம்பில் பட்டால் ஒரு சத்தம் திரும்பி வரும். ஈர மண்ணில் தேங்காய் விழுந்தது போல, மொத்தென்று. எமிலியானுஸுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்று சொல்வது சரியில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகுதான் மூச்சை விடுவார். கடந்த இரண்டு வருஷமாக அது கேட்கவில்லை. பத்திநாதர் "விழுந்திட்டுது" என்பார், இவர் காதில் காற்றுத்தான் இரையும். கை இலேசாக நடுங்கத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். சட்டைப் பொத்தானை ஜொய்சி பூட்டிவிட்டார். ஆனால் அகிளான்கள் விழுந்துகொண்டே இருந்தபடியால் கையைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

"எனக்குக் காது போட்டுது," என்று அவராகவே சொன்னார்.

எந்தக் கிழவன் அப்படித் தானாகச் சொல்வான்? ஜொய்சி ஆச்சரியப்பட்டார். மருத்துவரிடம் போய், சோதித்து, செப்டம்பரில் இரண்டு காதுக்கும் கருவி வந்தது. அந்த மொத்தென்ற சத்தம் மறுபடி கேட்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

அதே செப்டம்பரில் நொர்மானின் குதிரை செத்தது. கிரிசெட் என்று பெயர். சாம்பல் நிறக் கிழட்டுப் பெட்டைக் குதிரை. வேலை ஒன்றும் இல்லை; நொர்மானின் பின்னால் நாய் மாதிரி நடந்து திரியும். மேல் வயலில், காட்டு ஆப்பிள் மரத்தடியில் ஒரு வளைக்குள் முன்கால் இறங்கி எலும்பு முறிந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். நொர்மான் தொலைபேசியில் சொன்னபோது யாரையும் குறை சொல்லவில்லை. "பழைய வளைக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது போல," என்றார். "பனி வருமுன் ஒருதரம் வந்து பாருங்கள்."

ஆப்பிள் மரத்தடி. ஜூனில் அங்கே நின்ற அகிளானைச் சுட்டார்கள். பத்திநாதர் வளையை அடைத்தார். மேல் வயல் சுத்தம் என்று எமிலியானுஸ்தான் நொர்மானிடம் சொன்னார். அதை நம்பித்தான் நொர்மான் படலையைத் திறந்து கிரிசெட்டை மேல் வயலில் மேய விட்டார்.

அக்டோபர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை போனார்கள். இன்னும் சில நாளில் அகிளான்கள் நிலத்துக்குள் போய்ப் படுத்துவிடும், பிறகு வசந்தத்தில்தான் வெளியே வரும். பத்திநாதர் கார் ஓட்டினார். நெடுஞ்சாலையில் ஓட்டுவதை எமிலியானுஸ் விட்டு நாளாகிவிட்டது. மடியில் ஜொய்சி செய்த மீன் ரோல்ஸ் பொதி சுடச்சுட இருந்தது. பருவத்தின் கடைசி நாளில் நொர்மானுக்கு ரோல்ஸ் கொடுப்பதும், அவர் கார் நிறையப் பூசணிக்காய் ஏற்றிவிடுவதும் வழக்கம்.

"அக்கா எனக்கு ஒரு ரோல் தரேல்லையோ?"

"உனக்கு உன்ர மனிசி இருக்கிறா. இது நொர்மானுக்கு."

"மனிசி ரோல்ஸ் செய்தா அகிளானும் தின்னாது, அத்தான்."

மேல் வயலின் ஓரத்தில் ஒரு கற்குவியல். அதன் மேல் மணல் நிரப்பிய பாஸ்மதி அரிசிப் பையை வைத்து, பைக்கு மேல் துவக்கை வைத்தார். பத்திநாதர் பக்கத்தில் குந்தினார். மரங்கள் பாதி மொட்டையாகிவிட்டன. நெடுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு பத்திநாதர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆப்பிள் மரத்துக்கு வலப்பக்கம். எழும்பி நிக்குது. பாருங்கோ, வயிறு எவ்வளவு கொழுத்திருக்கெண்டு. பூசைக்கு வந்த ஆள் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிக்குது."

"தெரியுது."

"ஆறுதலாச் சுடுங்கோ."

குறிக்கண்ணாடிக்குள் அகிளான் மேலும் கீழும் ஆடியது. அது ஆடவில்லை, இவர் கைதான் ஆடியது. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையில் ஒரு கணம் பார்த்து விசையை இழுத்தார். சுடும்போது காதுக் கருவியைக் கழற்றச் சொல்லியிருந்தார்கள். மறந்துவிட்டார்.

வெடி அடங்கியது. மொத்தென்ற சத்தம் வரவில்லை. இலைகள் உரசுவது கேட்டது. பத்திநாதர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டது.

"விழுந்திட்டுது, அத்தான்! வளைக்குள்ள உருண்டு போட்டுது."

அப்போது விசில் கேட்டது. கூர்மையாக, நீளமாக, ஆப்பிள் மரத்தடியிலிருந்து. எமிலியானுஸ் மரத்தடிப் பக்கம் திரும்பினார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்த விசிலைக் கேட்கிறார்.

பத்திநாதர் மண்வெட்டியைத் தூக்கினார். "நீங்கள் இருங்கோ. நான் போய் மூடிப்போட்டு வாறன்."

"நானும் வாறன்."

"முழங்கால், அத்தான்..."

"கதையாதை. நட."

துவக்கை வெறுமையாக்கி உறைக்குள் வைத்துவிட்டு நடந்தார். ஈரப் புல்லில் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. வளை வாயில் புது மண் குவிந்திருந்தது. இரத்தம் இல்லை, மயிர் இல்லை. வளைக்கு எட்ட, ஒரு ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய தூரத்தில், சன்னம் புல்லைக் கிழித்து மண்ணுக்குள் போயிருந்தது. ஜூனில் பத்திநாதர் அடைத்த கற்கள் வெளியே தள்ளப்பட்டு ஒருபக்கம் கிடந்தன. உள்ளே செத்த விலங்கு கல்லைத் தள்ளாது. சற்றுத் தள்ளி, புல் பிய்ந்து நிலம் கலங்கிக் கிடந்த இடம்தான் கிரிசெட் விழுந்த இடம்.

"ஜூனில இது செத்ததோ, பத்தி?"

பத்திநாதர் மண்வெட்டியைப் பார்த்தார்.

"உன்னைத்தான்ரா கேக்கிறன்."

"இல்லை, அத்தான்."

"அதுக்கு முந்தினது? மேப்பிள் மரத்தடியில? பூசணித் தோட்டத்துக்க?"

"போன வருஷம் ஒண்டு பட்டது. அது உண்மையாப் பட்டது."

"மற்றதெல்லாம்?"

அகிளான் நிலத்துக்கு அடியில் எங்கோ ஒருமுறை மெல்ல விசில் அடித்து நிறுத்தியது.

"ஏன்ரா?"

"முதல் தரம் தவறவிட்டனீங்கள், நினைவிருக்கோ? வீட்ட போய் ரெண்டு நாள் சாப்பிடேல்லையாம். அக்கா அழுதுகொண்டு எனக்குப் போன் அடிச்சவ. அவருக்கு வேற என்ன கிடக்கு, துறைமுகமும் போட்டுது, தவறிச்செண்டு மட்டும் சொல்லாத எண்டா. நான் என்ன செய்ய? அத்தானைப் பாத்து உங்கட கை சரியில்லை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"குதிரை செத்துப் போச்சு."

"குதிரையை அங்க விடுவானெண்டு நான் கண்டனோ?"

"நான்தான் விடச் சொன்னன். சுத்தம் எண்டு நான்தானே சொன்னனான்."

அவர் கோபம் அதற்கு மேல் ஏறவில்லை. மச்சான் பொய் சொன்னது ஒரு பக்கம். இரண்டு வருஷமாக வராத சத்தத்துக்குக் காதைக் குறை சொன்னது யார்? காது போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்ல அவருக்கு வெட்கமில்லை. குறிக்கண்ணாடிக்குள் உலகம் ஆடியதை ஒவ்வொரு தரமும் பார்த்தவர் அவர்தான். வளை வரை ஒருநாள் நடந்து வந்திருந்தால் போதும்.

வளையைக் கல்லால் அடைத்து, ஒரு தடியில் பத்திநாதரின் சிவப்புக் கழுத்துத் துணியைக் கட்டி அடையாளம் நட்டுவிட்டு இறங்கினார்கள்.

நொர்மான் முற்றத்தில் பூசணிக்காய்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கென்று நல்லதாகப் பொறுக்கியவை. குதிரைக் கொட்டிலின் கதவு திறந்திருந்தது.

"கிடைத்ததா?"

எமிலியானுஸுக்குத் தெரிந்தது துறைமுகத்துப் பிரெஞ்சு. கயிற்றை இழு, பார்த்து நில், மழை வருகிறது என்பதற்கெல்லாம் அதில் சொல் இருந்தது. இதற்கு இருக்கவில்லை. அதனால் நேராகவே சொன்னார்: இன்றைக்குத் தவறிவிட்டது. ஜூனிலும் தவறியது. ஆப்பிள் மரத்தடியில் இருப்பது புதியது அல்ல, பழையதேதான். மேல் வயல் சுத்தம் என்று நான் சொன்னது பிழை. என் கை நடுங்குகிறது.

நொர்மான் பத்திநாதரைப் பார்த்தார். "விழுந்ததை இவர் பார்த்ததாகச் சொன்னாரே?"

"அவருக்குக் கண் சரியில்லை," என்றார் எமிலியானுஸ்.

பத்திநாதரின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நொர்மான் கையிலிருந்த பூசணிக்காயை மெல்லக் கீழே வைத்தார். கிரிசெட் பிறந்தபோது அங்கேதான் நின்றேன் என்றார், கொட்டிலைக் காட்டி. எமிலியானுஸ் திறப்பு வளையத்தை எடுத்துப் படலைத் திறப்பைக் கழற்றப் பார்த்தார். விரல் ஒத்துழைக்கவில்லை. நகம் வழுக்கியது. இரண்டாம் தரமும் வழுக்கியது. நொர்மான் வளையத்தை வாங்கி, தானே கழற்றி, மற்றத் திறப்புகளைத் திருப்பிக் கொடுத்தார். வேண்டாம், வைத்திரு என்று சொல்வார் என ஒரு கணம் எமிலியானுஸ் எதிர்பார்த்தார். அவர் சொல்லவில்லை. ரோல்ஸ் பொதியை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டு சொல் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போனார்.

திரும்பும் வழியில், பாலத்துக்குக் கிட்ட வந்தபோது பத்திநாதர் கேட்டார்.

"என்ர கண்ணை ஏன் இழுத்தனீங்கள், அத்தான்?"

"பேந்து என்ன சொல்லச் சொல்லுறாய்? என்ர மச்சான் பொய்க்காரன் எண்டோ?"

பத்திநாதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார்.

"துவக்கை வித்துப்போடு," என்றார் எமிலியானுஸ்.

வில்லரேயில் வெளி இரும்புப் படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். பத்திநாதர் பின்னால் வந்தார். ஜொய்சி அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

"என்னப்பா, பூசணி எங்க?" பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, "விழுந்ததோ?" என்றார்.

"என்னைப் பாத்துக் கேள்," என்றார் எமிலியானுஸ். "விழேல்லை. ரெண்டு வருஷத்தில ஒண்டே ஒண்டுதான் விழுந்தது. நொர்மானிட்டச் சொல்லிப்போட்டன். திறப்பையும் குடுத்திட்டன்."

ஜொய்சி கதவுப் பிடியை விடவில்லை. செபமாலை சொல்லும்போது அசைவது போல உதடு அசைந்தது. "உங்கட மனம் நோகக் கூடாதெண்டுதான்..." என்று தொடங்கினார்.

"தெரியும்."

"ரோல்ஸையாவது வாங்கினவனோ?"

"வாங்கினவன். ஜொய்சிக்கு மெர்சி சொல்லச் சொன்னவன்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. ஜொய்சி திரும்பிப் பார்க்கவில்லை. பத்திநாதர்தான் போய் அணைத்தார்.