வயிற்றில் கட்டிய ரப்பர் ஷீட்

மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கருங்கல் சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தபோதும், என் வயிற்றிலிருந்து உலராத பச்சை ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றம் போகவில்லை. வலது கை முட்டிகள் பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. எங்கள் கபடிக் கேப்டன் செல்வினின் முன்பற்கள் கிழித்த காயம். எனக்கு அப்போது பதினேழு வயது.

அருமனைப் பக்கம் நாங்கள் ஆடியது எடைப் பிரிவுக் கபடி. போட்டியன்று தராசில் ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டினால் வெளியே நிற்கவேண்டும். எனக்கும் கூட்டுக்காரன் ஜெபினுக்கும் இரண்டு கிலோ கூடுதல். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது மூன்று முறை தோற்றுத் திரும்பிய செல்வின் அதற்கொரு வழி வைத்திருந்தான்: வயிற்றிலும் தொடையிலும் ரப்பர் ஷீட்டைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கி, பங்குனி வெயிலில் ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறியிறங்கி ஓடவேண்டும். சோறு இல்லை, தண்ணீர் இல்லவே இல்லை. "வெள்ளம் குடிச்சா தம்மு போவும், பாத்துக்கோ" என்பான். நின்றால், இரண்டாக மடித்த சைக்கிள் டியூப் கெண்டைக்காலில் விழும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "பாம்பு". கடித்த இடம் கருநீலமாகத் தடிக்கும். அதுவும் பயிற்சியில் சேர்ந்தது என்றே நம்பினோம்.

மூன்றாம் நாள், ரப்பர் மரத்துச் சிரட்டைகளில் முந்திய நாள் மழைத் தண்ணீர் பாலோடு கலந்து வெளுத்துக் கிடந்தது. ஜெபின் இரண்டு சிரட்டை குடித்துவிட்டு, மூன்றாவதை என்னிடம் நீட்டினான். "குடில மக்கா, அவன் பாக்கல."

நான் வாங்கவில்லை. மேட்டைவிட்டு இறங்கி செல்வினிடம் சொன்னேன். அணிக்காகச் சொல்வதாக எனக்கு நானே காரணம் வைத்துக்கொண்டேன். உண்மையில் ஜெபினின் தாகம் தீர்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

செல்வின் பாம்பை வீசி, அடிகளை ஜெபினையே எண்ணச் சொன்னான். ஏழுக்குமேல் அவனுக்கு எண்ண வரவில்லை. மறுபடி ஓடவிட்டான். நான்காவது ஏற்றத்தில் ஜெபின் விழுந்தான். கைகால் வெட்டி இழுத்தது. உடம்பு கொதித்தது, வேர்வை நின்றிருந்தது.

"நடிக்கான்ல, தூக்கி விடுங்கடே" என்று செல்வின் அவன் விலாவில் உதைத்தான்.

நான் செல்வினின் வாயில் குத்தினேன். விழுந்தவன்மேல் ஏறி உட்கார்ந்தும் குத்தினேன். மற்றவர்கள் என்னை இழுத்துப் போட்டு அதே டியூப்பால் அடித்தார்கள். அந்தச் சண்டை முடியும்வரை ஜெபின் வெயிலிலேயே கிடந்தான். ஷீட்டை அவிழ்க்கக்கூட எவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறி, மதியத்துக்குமேல் கண் திறந்த ஜெபின் முதலில் கேட்டது: "எடை சரியாச்சால?"

பிறகு கேட்டான்: "அவன்கிட்ட ஆருல சொன்னது?"

"வெள்ளம் வாங்கிட்டு வாரேன்" என்று எழுந்து வெளியே வந்தவன்தான் நான், திரும்பிப் போகவில்லை.

அவன் பிழைத்ததையும், சிறுநீரகம் கெட்டு அப்புறம் களத்தில் இறங்காததையும், இரண்டு வருடம் கழித்துக் கொச்சியில் ஓர் ஊர்க்காரன் சொல்லித்தான் அறிந்தேன். அந்த மேட்டில் இப்போது ரப்பர் இல்லை, வீடுகள் இருக்கின்றன. பயல்கள் பெரிய பெரிய தண்ணீர் பாட்டிலோடு ஜிம்முக்குப் போகிறார்கள். இடையிடையே குடிக்கச் சொல்லி அங்கே அதட்டுகிறார்களாம்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்று இரவு குளச்சல் போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காலை ஓர் ஐஸ் கம்பெனியில், கட்டி உடைத்து வள்ளங்களுக்கு ஏற்றும் வேலை கிடைத்தது. காய்ந்து வெடித்த என் உதட்டைப் பார்த்த மேஸ்திரி மூலையிலிருந்த குடத்தைக் காட்டினார். "குடிச்சிட்டு வேல செய்யி மக்கா, இங்க விழுந்து சாவாத." ஒரு செம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தேன்.