வழிகாட்டியைத் தூக்கிச் சுமந்தவர்கள்

பனிமலையில் வழி தவறி, கால் பிசகிய வழிகாட்டியை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்த அனுபவம் எனக்கு உண்டு. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் குடியிருக்கும் என் வயதுப் பெண்களில் இப்படிச் சொல்லிக்கொள்ளக் கூடியவள் நான் ஒருத்திதான் என்று கொஞ்ச நாள் பெருமையாகக்கூட இருந்தது. உண்மையில் நான் பார்த்த பனியெல்லாம் இரண்டே இடத்தில்தான். ஒன்று, துறைமுகத்தில் இறால் ஏற்றிய குளிர் கண்டெய்னரின் கதவைத் திறக்கும்போது முகத்தில் வந்து அடிக்கும் வெண்புகை. இன்னொன்று, துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் காச்சாங் கிண்ணம்.

மலை ஏறியதற்குக் காரணம் ஒரு நாற்காலி. போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் பத்திரங்கள் பார்க்கும் வேலை எனக்கு. எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில் வருகிறது, சுங்கத்தில் எது மாட்டிக்கொண்டிருக்கிறது, யாரைக் கூப்பிட்டால் நகரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் பிரிவுக்குத் தலைவராக வந்தவர்களுக்கெல்லாம் வேலை சொல்லிக் கொடுத்தது நான்தான். அவர்கள் ஆங்கிலத்தோடு வருவார்கள், என்னிடம் வேலை கற்றுக்கொள்வார்கள், பிறகு எனக்கே வேலை ஏவுவார்கள். கடைசியாக இருந்தவரும் ஓய்வு பெற்றுப் போனபோது, ஜன்னலோரத்து அந்த நாற்காலி காலியானது.

எங்கள் பாஸ் நம் ஆள்தான். என்னைவிட இளையவர். நேராகப் போய்க் கேட்டேன்.

"அக்கா, ஒங்க வேல டிப் டாப். அதுல டவுட்டே இல்ல. ஆனா இங்கிலீஷ் கன்வின்சிங்கா இல்ல லா" என்றார்.

கன்வின்சிங்கான ஆங்கிலத்தில் மலாய்ப் பேச்சின் 'லா' எப்போது சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் நேர்காணல் இருக்கிறது, தயார் செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொரு புதியவருக்கு எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

அப்படித்தான் சனிக்கிழமைதோறும் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸுக்கு நடந்தேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த வகுப்பு. 'பயணமும் சாகசமும் வழியாக உயர்நிலை ஆங்கிலம்' என்று வாசலில் எழுதி, பக்கத்தில் பனிமலைப் படம் ஒட்டியிருந்தார்கள். ஆசிரியர் மலையேறும் காலணியும், உடம்பெங்கும் பை வைத்த கையில்லாத கோட்டும் அணிந்திருப்பார். அந்தப் பைகளில் மார்க்கர் பேனாவைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுவில் ஒருமுறை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ செய்தி அனுப்புவதுபோல் தொலைபேசியைப் பார்ப்பார். மூச்சு அடங்கியதும் மறுபடி ஏறுவார்.

ஆங்கிலம் என்பது ஒரு மாபெரும் சாகசம் என்பது அவர் கொள்கை. கீழே மீன் தலைக் கறி கொதிக்கும் வாசனை ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருக்க, நாங்கள் பைன் மரக் காட்டின் நறுமணத்துக்கு ஐந்து அடைமொழிகள் எழுதினோம். கயிறு, கூடாரம், பனிச்சரிவு, செங்குத்துப் பாறை எல்லாவற்றுக்கும் உயர்ந்த சொற்கள் உண்டு. எங்களில் ஒருவருக்கும் கூடாரம் தேவைப்பட்டதில்லை. ரவாங்கிலிருந்து வந்த ஒரு தாதிக்கு வெளிநாட்டு மருத்துவமனை வேலை வேண்டும். செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த அண்ணன், மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பதற்காக வந்தார்.

ஒரு நாள், 'நான் அதைச் செய்திருக்காவிட்டால் இது நடந்திருக்கும்' என்ற வகை வாக்கியம் ஆளுக்கொன்று சொல்லவேண்டும். தாதி, கயிறு கொண்டு போயிருக்காவிட்டால் மலையில் மாண்டிருப்பேன் என்றார். ஆசிரியர் கைதட்டினார். காய்கறிக்கடை அண்ணன் எழுந்து, லோரி சீக்கிரம் வந்திருக்காவிட்டால் முட்டைக்கோஸ் அழுகியிருக்கும் என்றார். தப்பே இல்லாத வாக்கியம். ஆசிரியர் முகத்தைச் சுளித்து, இதில் சாகசம் எங்கே இருக்கிறது, மலைக்கு மாற்றிச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் உட்கார்ந்துகொண்டே என் காதில், "ஏட்டுச் சொரக்கா கறிக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்க. நான் சொரக்காயே விக்கிறவன், என்கிட்டயே ஏட்டக் காட்டுறாரு பாருங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. எங்களில் புத்திசாலி அவர்தான் என்று இப்போது தெரிகிறது.

நான் ஏன் நிற்கவில்லை என்றால், ஆசிரியர் அன்றைக்கு ஒரு தாள் கொடுத்தார். அதில் இருந்தது மாதிரிச் சாகசம். மூடுபனியில் வழி தவறுகிறோம். வழிகாட்டியின் கணுக்கால் பிசகுகிறது. மற்றவர்கள் திகைத்து நிற்க, நான் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, எஞ்சியிருந்த வலிமையெல்லாம் திரட்டி இறங்குகிறேன். 'மலை என்னை வெல்லவில்லை, நான் என்னையே வென்றேன்' என்று முடியும். இதை மனப்பாடம் செய்துவிட்டால் எந்த நேர்காணலிலும் எந்தக் கேள்விக்கும் இதுவே பதில் என்றார். கஷ்டத்தைப் பற்றிக் கேட்டாலும் இதுதான், தலைமைப் பண்பைப் பற்றிக் கேட்டாலும் இதுதான். பிடித்த உணவு எது என்று கேட்டால்கூட அடிவாரத்தில் குடித்த சூப் இருந்தது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆறாம் ஆண்டில் 'நான் ஒரு பேனா' என்று தன்கதை எழுதச் சொல்வார்கள். ஆசிரியை கரும்பலகையில் மாதிரிக் கட்டுரை எழுதிப் போடுவார், நாங்கள் ஒரு கமாகூட விடாமல் நெட்டுருப் போடுவோம். என் வகுப்பில் எல்லோரும் ஒரே தொழிற்சாலையில் பிறந்த நீல நிறப் பேனாக்கள். எல்லோரையும் ஒரே நல்ல மாணவன் வாங்கினான், எல்லோரும் ஒரே குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடித்தோம். எல்லோருக்கும் ஏ கிடைத்தது. இப்படி வளர்ந்தவளிடம் ஒரு மாதிரியைக் கொடுத்தால் விடுவாளா?

கொமுட்டரில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வழிகாட்டியைத் தூக்கினேன். என் கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யாரு அந்தாளு? தெனமும் தூக்கிட்டே திரியிற. நான் மோட்டார் சைக்கிள்லேர்ந்து விழுந்தப்போ ஒரு கை குடுத்தியா?" என்றார்.

நேர்காணல் நாள் வந்தது. போட்டிக்கு ஒரே ஆள், பக்கத்து மேசைத் தம்பி. சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. நல்ல பையன், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவான். அன்றைக்குப் புது டை கட்டி வந்திருந்தான். அவனை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வரும்போது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

நான் உள்ளே போனேன். பாஸ், மனிதவளத்துறைப் பெண்மணி, திரையில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய அதிகாரி. வாழ்க்கையில் சந்தித்த ஒரு கடினமான சூழலைச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. பழம் நழுவிப் பாலில் விழுந்ததே என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தேன். எலும்பை ஊடுருவும் குளிர்காலைப் பொழுது அது. மூடுபனி எங்களைத் திரைபோல் சூழ்ந்தது.

இரண்டாவது வாக்கியத்தில் மனிதவளப் பெண்மணியின் பேனா நின்றது. மூன்றாவதில் பாஸ் கூரையைப் பார்த்தார். நான் வழிகாட்டியின் கணுக்காலுக்கு வந்தபோது திரையில் இருந்தவர் கையை உயர்த்தினார்.

இது எந்த நாட்டில் நடந்தது என்று கேட்டார். தாளில் நாடு இல்லை. ஸ்விட்சர்லாந்து என்றேன்.

இதற்குமுன் வந்தவருக்கு நேப்பாளத்தில் நடந்ததே, அங்கேயும் வழிகாட்டிக்கு இதே கணுக்கால்தான் பிசகியது என்றார் அவர், மிகவும் மரியாதையாக.

எனக்குக் காது சூடாகிவிட்டது. உண்மையாகவே நடந்த ஒரு சங்கதி என்னிடம் இருந்தது. பெருநாள் விடுமுறையில் யாரோ குளிர் கண்டெய்னரின் மின்இணைப்பைப் பிடுங்கிவிட, அதிலிருந்த இறால் முழுவதையும் நான் அங்கே இங்கே கூப்பிட்டுக் காப்பாற்றிய கதை. அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் வகுப்பில் படித்த உயர்ந்த சொற்கள் எதிலும் இறால் இல்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்று நான் தேடிக்கொண்டிருக்கையிலேயே, நன்றி, நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்து, "தம்பி, இங்கிலீஷ் எங்க படிச்ச?" என்று கேட்டேன்.

"பிரிக்பீல்ட்ஸ்லதான்கா. செவ்வாக்கெழம கிளாஸ். நீங்க?"

"சனிக்கெழம."

அவன் முகத்தில் இருந்த பற்கள் மெல்ல உள்ளே போயின. கோபப்பட்டு என்ன பயன்? எங்கள் இருவருக்கும் ஒரே தொழிற்சாலைதான்.

நாற்காலி அவனுக்குப் போனது. பாஸ் என்னைத் தனியே கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். "பிரச்சினைன்னு வந்தா ஒரு மனுஷனத் தோள்ல தூக்கிட்டு வர்றவன்தான் நமக்கு வேணும், அக்கா."

"நானுந்தானே பாஸ் தூக்கினேன்."

"நீங்க ரெண்டாவதா தூக்குனீங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான் கழிப்பறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் வேறென்ன செய்வாள்? அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குக் காட்டினேன்.

ஆண்டு இறுதியில் நிறுவனம் ஒற்றுமைப் பயணம் என்று ஒன்று ஏற்பாடு செய்தது. சபா மாநிலத்தில் இருக்கும் பெரிய மலைமேல் எல்லாக் கிளைகளிலிருந்தும் ஆள் ஏறவேண்டும். எங்கள் கிளைக் குழுவுக்குத் தலைவர் யார் என்பதில் பாஸுக்குச் சந்தேகமே இல்லை. நேப்பாளம் கண்டவர் ஒருவர்தானே இருக்கிறார்.

தம்பி என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அக்கா, நான் கெந்திங் மலைக்கே கேபிள் கார்ல போய் வாந்தி எடுத்தவன். எப்படியாவது காப்பாத்துங்க."

"போவலன்னு சொல்லு."

"சொன்னா கேப்பாங்கல்ல, நேப்பாளத்துக்கு மட்டும் எப்படிப் போனேன்னு?" புலி வாலைப் பிடித்தவன் கதைதான். "மேல மூச்சு வாங்குனா என்னக்கா பண்றது?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தாளில் இருந்தபடியே ஆங்கிலத்தில் சொன்னேன்: எஞ்சியிருக்கும் வலிமையெல்லாம் திரட்டு, தம்பி. எழுந்து போய்விட்டான். எனக்கு அன்று மதியச் சாப்பாடு ருசியாக இருந்தது. மறைப்பானேன்?

போனவன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் மலை அனுபவத்தை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார் பாஸ், ஆங்கிலத்தில். நானும் மூடுபனித் திரையை எதிர்பார்த்துச் சாய்ந்து உட்கார்ந்தேன். அவன் எழுந்து நின்றான். மழை என்றான். பெரிய மழை. பாதி வழியில் முழங்கால் போய்விட்டது. படியில் உட்கார்ந்து அழுதேன். காலி எரிவாயு சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு, சுமை தூக்கும் ஒரு அம்மா கீழே வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் பையையும் வாங்கிக்கொண்டார். நான் இறங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

வார்த்தைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. பாதி வாக்கியத்தில் நின்று மீண்டும் தொடங்கினான். ஆனால் அறையில் ஒருவரும் தொலைபேசியைப் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் ஒருவர் நடந்ததை நடந்தபடி சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

பாஸ் நெற்றியைச் சுருக்கினார். "ஒங்க இங்கிலீஷுக்கு என்னாச்சு? இன்டர்வியூல அவ்ளோ நல்லா பேசுனீங்களே. பிராக்டிஸ் விட்டுப் போச்சா?" என்றார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். புத்தாண்டில் இருவரும் நல்ல வகுப்பாகப் பார்த்துச் சேருங்கள், பிரிக்பீல்ட்ஸில் ஏதோ ஒன்று இருக்கிறதாமே என்று என்னையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அறை காலியானது. ஜன்னலோரத்து மேசையில் தொலைபேசி அடித்தது. தம்பி கூட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே, வீங்கிய காலை ஒரு பெட்டியின்மேல் தூக்கி வைத்திருந்தான். "அக்கா, எடுக்கிறீங்களா?"

போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். கடல் கடந்த வாடிக்கையாளர். வணக்கம்கூடச் சொல்லாமல், என் கண்டெய்னர் எப்போது வரும் என்று கேட்டார். நாளை மதியம், சுங்கம் முடிந்துவிட்டது, லோரியும் சொல்லியாயிற்று என்றேன். நல்லது என்று வைத்துவிட்டார்.

மலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்த நாற்காலிக்கு வரும் அழைப்புகளை இத்தனை காலமாகப் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். ஒருவரும் ஒருநாளும் மலையைப் பற்றிக் கேட்டதில்லை. எழுந்து, நாற்காலியைத் தம்பியின் பக்கமாக உருட்டி விட்டேன். அவனுக்குக் கால் வலி, பாவம்.