மூக்கு உடைந்தவரின் கையெழுத்து

லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் அவருக்கு வெடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் வெறும் வெடி என்று சொல்ல மாட்டார்கள், வெடி அண்ணன் என்பார்கள். ஐம்பத்திரண்டு வயது. வெல்டிங் வேலையில் கை சுத்தம், ஆனால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். மச்சானின் இரண்டு பற்களை ஒரு கல்யாண வீட்டில் உதிர்த்தவர். வீட்டில் குளியலறைக் கதவு மூன்று தடவை மாற்றியாயிற்று.

மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். "இந்த வீட்டுல அடி வாங்காதது நான் ஒருத்திதான். அதுவும் இதுவரைக்கும்" என்று தங்கையிடம் சிரித்தபடி சொல்வாள். தங்கை சிரித்ததில்லை.

மகளுக்குத் தலைப்பிரசவம், வெளிநாட்டில். இருவருக்கும் மனைவி தன் கிரெடிட் கார்டில் டிக்கெட் போட்டிருந்தாள். விமான நிலையத்தில் காலை பத்து மணிக்கு, எஞ்சின் கோளாறு, விமானம் ரத்து என்று அறிவித்தார்கள். இருநூறு பேரும் ஒரே கவுண்டரை மொய்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் தனியாளாய் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையிலதான் சார் அடுத்த விமானம்."

மனைவி வெடியின் சட்டையை இழுத்தாள். "ஏங்க, பதறாதீங்க. கார்டுலயே பயண இன்சூரன்ஸ் இருக்கு. ரத்தானா வேற கம்பெனி டிக்கெட்டுக்கும் தருவாங்க. ரத்துன்னு இவங்க கிட்ட ஒரு கடிதம் வாங்கினா போதும்."

"உன் ரூல்ஸ் புத்தகத்தை அப்புறம் படி."

அப்போது மகளின் கணவனிடமிருந்து செய்தி வந்தது. நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வெடி ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய்க் கவுண்டரை ஓங்கிக் குத்தினார்.

"கத்தாதீங்க சார். வரிசையில வாங்க."

அவ்வளவுதான் சொன்னார் அந்த மனிதர். வெடி எட்டி அவர் டையைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கவுண்டர் மேசையில் அறைந்தார். முருங்கைக்காய் ஒடிவது போல ஒரு சத்தம். தலைமுடியைப் பற்றித் தூக்கி மறுபடியும் அறைந்தார். ரத்தம் கீபோர்டு எழுத்துகளுக்கு இடையில் இறங்கியது. இதற்காகவே காத்திருந்தவன் போல எவனோ ஒருவன் வரிசை பிரிக்க வைத்திருந்த கம்பத்தைப் பிடுங்கிப் பக்கத்துக் கண்ணாடித் தடுப்பில் வீசினான். கண்ணாடி சிதறியது, ஒரு பெண்ணின் நெற்றி கிழிந்தது. காவலர்கள் தடியோடு ஓடிவந்தார்கள். முதல் அடி வெடியின் முழங்காலில், இரண்டாவது வாயில். விழுந்தவரின் முதுகில் மூன்று பேர் ஏறி உட்கார்ந்து கையைப் பின்னால் முறுக்கினார்கள்.

மனைவி இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்றாள். அவள் செருப்பில் யாருடையதோ ரத்தம்.

காவலர்கள் வெடியை இழுத்துப் போனதும் கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணை அழைத்தாள். மறுமுனைப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "வேற டிக்கெட் வாங்கிக்கலாம் மேடம். ரசீது வேணும், பழைய டிக்கெட் வேணும். ரத்துக்குக் காரணம் போட்டு விமானக் கம்பெனி அதிகாரியோட கடிதம் வேணும். அது இல்லாம முடியாது."

அன்றைக்கு அங்கே கையெழுத்துப் போடக்கூடிய அதிகாரி அந்த ஒருவர்தான். முதலுதவி அறையில் மூக்கில் பஞ்சோடு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தார்.

"உங்களை அடிச்சவரோட மனைவி நான்."

அவர் சட்டென்று அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"வரல. போலீஸ் ரூம்ல இருக்காரு."

"மன்னிப்பு கேக்க வந்தீங்களாம்மா?"

"கேக்கணும்தான். ஆனா பொய் சொல்ல மாட்டேன் சார், கடிதம் கேக்க வந்தேன். பொண்ணுக்குப் பிரசவ வலி."

அவர் சிரிக்கப் போனார், பஞ்சு சிவந்தது. கம்பெனித் தாளை வரவழைத்து, எழுதி முத்திரை வைத்தார். அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது.

"உங்க பயணம் எங்களால நின்னுச்சு. அவரோடது அவர் கையால நின்னுச்சு. அதை நான் எழுத முடியாது."

"சரிதான் சார்" என்றாள். இருபத்தாறு வருடத்தில் கணவனைப் பற்றி யாரிடமும் அவள் அப்படி ஒத்துக்கொண்டதில்லை.

போலீஸ் அறையில் உதடு வீங்கி உட்கார்ந்திருந்தார் வெடி. விலங்கு மாட்டியிருந்தது.

"மூணு மணிக்கு வேற விமானம். நான் போறேன்."

"என்னை விட்டுட்டா?" எழுந்து பெஞ்சை உதைத்தார். அது சுவரில் போய் மோதியது. விலங்கிட்ட இரண்டு கைகளும் சேர்ந்து அவள் தலைக்கு மேலே உயர்ந்தன.

அவள் நகரவில்லை. "அடிங்க. இன்னைக்கு நான் ஒருத்திதான் பாக்கி."

கைகள் அப்படியே நின்றன. பிறகு தாமாக இறங்கின. கான்ஸ்டபிள் அவரைத் தோளில் அமுக்கி உட்கார வைத்தார். வெடி முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

அவள் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள். இன்சூரன்ஸ் பணம் அவளுக்கு ஒன்றரை மாதத்தில் வந்தது. அவருடைய டிக்கெட்டுக்கும் விண்ணப்பித்துப் பார்த்தாள். குற்றச் செயலால் நின்ற பயணத்துக்கு இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

வழக்கு நாளில், ஜாமீனில் வந்திருந்த வெடி நீதிமன்ற வராந்தாவில் அந்த அதிகாரியைப் பார்த்தார். மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. இவர் நெருங்கியதும் அவர் வக்கீலுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"அங்கயே நில்லுங்க."

வெடி நின்றார். தன்னைக் கண்டு ஆள் நடுங்கினால் உள்ளுக்குள் ஒரு குஷி வரும் அவருக்கு. அன்றைக்கு வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் சார்."

"அதை உள்ள போய்ச் சொல்லுங்க."

உள்ளே போய், தன் வக்கீல் தடுக்கத் தடுக்கச் சொன்னார். நாலு மாதம் ஜெயில் கிடைத்தது. மகள் வீட்டில் தகவல் கேட்டு மனைவி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் தன் விசாவை நீட்டிக்க வழியுண்டா என்று கேட்டாள்.