அம்பு பட்ட பிறகு

நான் பொறுமைக்காரன் இல்லை. யாங்கோனின் பசுந்தாங்கு பகுதியில் என் பட்டறைக்கு வருகிற எல்லாருக்கும் அது தெரியும்.

போன குளிர்காலம் முழுக்க, என் மனைவியின் அண்ணனோடு யாங்கோனில் பஸ் ஏறி, பெகு பக்கத்துக் காட்டுக்கு வில்லோடு மான் வேட்டைக்குப் போனேன். என் கால் சும்மா இருக்காது. சத்தம் கேட்டு ஒவ்வொரு முறையும் மான் ஓடிவிடும்.

கடைசியில் ஒரு காலை என் அம்பு ஒரு மானின் விலாவில் இறங்கியது. அது மூங்கில் புதருக்குள் பாய்ந்தது. நானும் எழுந்து பாய்ந்தேன். மச்சான் என் கைலியைப் பிடித்து இழுத்தார்.

“உக்காருங்க மாப்பிள்ள.”

“விடுங்க மச்சான், மான் போகுது!”

“நீங்க தொரத்துனா அம்போட மலை தாண்டி ஓடும். எங்கயாவது கெடந்து துடிக்கும். விட்டா பக்கத்துலயே படுத்து அடங்கிடும். மீறிப் போனா கைலி என் கையில, நீங்க காட்டுல.”

அவரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். உடம்பெல்லாம் அரித்தது. வெயில் ஏறிய பிறகுதான் விட்டார்.

புதருக்குப் பின்னாலேயே, கால்களை மடித்து, தூங்குவதுபோல் மான் செத்துக் கிடந்தது.

கொன்றவன் நான்தான். நான் அதற்குச் செய்த ஒரே நல்லது, துரத்தாமல் உட்கார்ந்திருந்தது. அதையும் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.