கொம்பைலர் தூக்கி எறிஞ்ச கணக்கு

போன மாரியில, சித்தாண்டியில எங்கட வீட்டு முன்னறையில நடந்தது இது. கம்பஸ் முடிச்சு, விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்து, கடைசியா ஒரு மென்பொருள் கம்பனி ஒன்லைன் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. இதுவும் சரிவராட்டி மாமாட போன் கடையில ரீலோட் போட நிக்கிறதெண்டு வீட்டில முடிவு.

எந்த வயல் வட்டைக்கு முதல் தண்ணி விட்டா நல்லதெண்டு, எல்லா வரிசையையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துக் கணக்கெடுக்கிற என்ட புரோகிராமைத்தான் காட்டினன். ஓட விட்டன். கண்மூடித் திறக்கமுன்னம் முடிஞ்சிட்டு! "இவ்வளவு வேகமா ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டாங்க மிஸ்" எண்டு வேற அளந்துவிட்டன்.

கேள்வி கேட்ட மிஸ் சிரிக்கவே இல்லை. "கொம்பைலர் இதை உள்ளுக்க என்னெண்டு விளங்கி வச்சிருக்கு? அதை ஒருக்காத் திறந்து காட்டுங்க" எண்டா.

நாங்க எழுதுறதை மிசினுக்கு விளங்கிற மாதிரி மாத்துறதுதான் கொம்பைலர். மாத்தமுன்னம் தனக்கெண்டு ஒரு வடிவத்தில அதை உள்ளுக்க எழுதி வச்சிருக்கும். திறந்தன். ஐயோ! பக்கம் பக்கமா நான் எழுதினதில ஒண்டும் இல்லை. ஒரேயொரு வரி: பூச்சியத்தைக் குடுத்திட்டுப் போ.

விசயம் இதுதான். விடையைத் திரையில காட்டினா நேரம் போகுமெண்டு அந்த வரியை நானே கெட்டித்தனமா அழிச்சிருந்தன். விடையை ஒருத்தரும் கேக்கல்ல, பிறகென்னத்துக்குக் கணக்கெண்டு கொம்பைலர் முழுசையும் தூக்கி எறிஞ்சிட்டு.

வாயில வந்ததைச் சொன்னன்: "மிஸ், இது எங்கட அப்பா மாதிரி. அம்மா விடியத் தொடங்கினாக் கதைச்சிட்டே இருப்பா. பிறகு கேள்வி கேக்க மாட்டாவெண்டு தெரிஞ்சா, அப்பாட காதுக்க ஒரு சொல்லும் போகாது. 'ம்' மட்டும்தான் வரும்."

மிஸ் விழுந்து விழுந்து சிரிச்சா. விடையைக் காட்டுற வரியைப் போட்டுத் திரும்ப ஓட விட்டன். இப்ப ஓடுது, ஓடுது, முடியிற பாடில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா தேத்தண்ணியோட கமராக்கு முன்னால வந்திட்டா.

"என்ன புள்ள, சரிவரல்லையா? கடைக்கு வருவாளெண்டு மாமாக்குச் சொல்லட்டா?"

"சொல்லாதீங்கம்மா, இப்பிடி விளங்கப்படுத்துற பிள்ளையை நாங்க எடுக்கிறம்" எண்டு கணினிக்குள்ள இருந்து மிஸ்ட குரல் வந்தது. அம்மா பயத்தில தேத்தண்ணியை என்ட மடியில ஊத்திட்டா. வட்டைக் கணக்கின்ட விடை அதுக்குப் பிறகுதான் வந்தது. ஒருத்தரும் பார்க்கல்ல.

இப்ப அந்தக் கம்பனியிலதான் வேலை. கேக்க ஆள் இல்லாட்டி எவ்வளவு பெரிய கதையும் பூச்சியம்தானெண்டு அண்டைக்கு விளங்கினபடியா, அம்மா கதைக்கக்க அப்பா பேப்பரைத் தூக்கினா, நான் அம்மாட பக்கம் கிறுகி இருந்து "பிறகு என்னம்மா நடந்த?" எண்டு கேக்கிறன்.