ஃபைட்டர் மரியசெல்வமும் இரண்டு பெட்டிகளும்

மரியசெல்வத்தை அடிக்காத ஹீரோ கோடம்பாக்கத்தில் கிடையாது. உயரமான ஹீரோ, குட்டையான ஹீரோ, நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டிய பழைய ஹீரோ, எல்லாரும் அடித்திருக்கிறார்கள். ஒரு படத்தில் ஹீரோவின் நாய் ஓடிவந்து ஒரு முட்டு முட்டி அவனைக் கிணற்றில் தள்ளியது. ஸ்டுடியோ பாஷையில் அவன் ஒரு 'ஃபைட்டர்'. அதாவது வில்லனின் ஆள், கட்டம் போட்ட பனியன், கையில் சைக்கிள் செயின், ஹீரோ முஷ்டியை மடக்கினால் பறந்துபோய் விழ வேண்டியவன்.

விழுவதில் அவனை மிஞ்ச ஆள் பிறக்கவில்லை. அவன் பாய்ந்து உடைத்த கண்ணாடிகளையெல்லாம் ஒட்டினால் பாண்டி பஜார் முழுக்கக் கூரை போடலாம். ஒருமுறை மொட்டை மாடியிலிருந்து வைக்கோல் வண்டியில் விழ வேண்டிய காட்சி. குதித்த பிறகுதான் தெரிந்தது, வண்டிக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று. மரியசெல்வம் ஆகாயத்திலேயே காத்திருந்து, வண்டி வந்து நின்றதும் பதவிசாக விழுந்தான் என்று அந்த யூனிட்டில் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு குறை, அது நொச்சிக்குப்பத்தில், அவன் வீட்டிலேயே இருந்தது. கடற்கரை ரோட்டில் மீன் விற்கும் ஜெனிதா, அவன் மனைவி, கல்யாணமான புதிதில் அவனோடு, அவன் நடித்த ஒரு படத்துக்குப் போனாள். நடுவில் சண்டை வந்தது. ஹீரோ மரியசெல்வத்தை ஆட்டோவின் மேல் எறிந்தான். அடுத்த நிமிடம் ஜெனிதா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? அவன் ஒரு ஆளு, நீங்க இருவது பேரு. ஒருத்தனாச்சும் திருப்பிக் குடுக்கலாம்ல?"

"குடுத்தா அடுத்த படத்துக்குக் கூப்ட மாட்டாங்கம்மே."

"அப்ப நீ செயிக்கிற அன்னிக்கு என்னைக் கூப்டு. அதுவரைக்கும் நான் மீன் வித்துக்கினு கீறேன்."

சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவள் எந்தத் தியேட்டர் வாசலையும் மிதிக்கவில்லை. மரியசெல்வம் ஒருநாள் ஃபைட் மாஸ்டரிடம் தலையைச் சொறிந்துகொண்டு, "மாஸ்டர், எந்தப் படத்துலயாச்சும் ஒரே ஒரு குத்து நான் ஹீரோவுக்கு..." என்று ஆரம்பித்தான். மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஃப்ளோரில் நடந்த சாவு சீனை நிறுத்தும்படி ஆயிற்று.

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஒரு மழை நாள். வடபழனியில் ஷூட்டிங் பாதியில் நின்றுபோக, மரியசெல்வம் மயிலாப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தான். கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், மெஹபூப் அலியின் வீடியோ கேசட் கடைக்குள்ளிருந்து குத்துச் சத்தம் கேட்டது. 'ஹா', 'ஹூ', 'டிஷ்யூம்'. தொழில்காரன் காதுக்கு அது தாய்ப்பாஷை. எட்டிப் பார்த்தான்.

"இன்னா பாய், டப்பிங்கா?"

"டப்பிங் இல்ல நைனா, கேமு. ஒக்காரு, நீயும் ஒரு கை பாரு."

டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி. அதில் செருகிய கேசட்டில் இரண்டு பொம்மை ஆட்கள் ஒருவரையொருவர் துவைத்துக்கொண்டிருந்தார்கள். மரியசெல்வம் ஸ்டூலில் உட்கார்ந்து ரிமோட்டைக் கையில் வாங்கினான். எதிராளி பொம்மை ஒரு குத்து விட்டது. அவ்வளவுதான், மரியசெல்வம் ஸ்டூலோடு பின்னால் பறந்து, அலமாரியில் மோதி, மேலே இருந்த அத்தனை பக்திப்பட கேசட்டும் தலையில் கொட்ட, கால் பரப்பிக் கிடந்தான்.

மெஹபூப் அலி பதறிப்போனார். "நைனா! அடி டிவில கீறவனுக்குப்பா! உனுக்கில்ல!"

"எனக்குத் தெரியுது பாய். ஒடம்புக்குத் தெரில."

அன்றிலிருந்து அவனுக்கு மட்டும் ஸ்டூல் கிடையாது, தரையில் கோரைப்பாய். பாயில் உட்கார்ந்தால் உருளத்தான் முடியும்.

உருண்டு உருண்டே தேறினான். ஷூட்டிங்கில், அடி கிளம்புவதற்கு முன்னால் அடிக்கிறவன் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்து மயிரிழை முன்னால் தலையைத் திருப்பத் தெரிந்ததால்தான் அவன் பற்கள் இன்னும் வாயில் இருந்தன. பொம்மைகளுக்கும் தோள் அசைந்தது! தோள் அசைந்ததும் நடுவில் இருந்த ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் போதும், அவனுடைய ஆள் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துத் தடுத்துக்கொள்வான். சந்தில் யார் வந்து அடித்தாலும் அவன்மேல் ஓர் அடி விழவில்லை. ஆனால் எதிராளி கீழே விழுந்தால், அவன் எழுந்து தூசி தட்டிக்கொள்ளும்வரை மரியாதையாக ஒதுங்கி நிற்பான்.

"அடி நைனா, அடி! இன்னாத்துக்கு நிக்கிற?"

"ஹீரோ எழுந்திருக்கறதுக்குள்ள அடிச்சா மாஸ்டர் திட்டுவாரு பாய்."

"இங்க ஹீரோவே கெடையாது செல்வம். ரெண்டு பேரும் ரவுடிதான்."

இந்த ஒரு வார்த்தை அவன் தலைக்குள் இறங்கியதும், மெஹபூப் அலி கடையில் அவனை ஜெயிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

எதிர்வீட்டில் அச்யுத் இருந்தான். பி.காம். முடித்துவிட்டு, தாத்தாவின் வக்கீல் ஆபீஸாக இருந்த வாசல் அறையில் கேம் கடை போட்டிருந்த பையன். சிங்கப்பூரிலிருந்து அத்திம்பேர் கொண்டுவந்த சாம்பல் நிறப் பெட்டி அவனிடம். மெஹபூப் அலியின் கறுப்பு சேகா, அச்யுத்தின் சாம்பல் நின்டெண்டோ. இரண்டும் வெட்டுப்பழி குத்துப்பழி கம்பெனிகள். ஆனால் இரண்டிலும் ஓடியது அதே சண்டைதான், அதே பொம்மை ஆட்கள்தான். வித்தியாசம் என்னவென்றால், கறுப்பில் குத்து விட்டால் ரத்தம் தெறிக்கும், சாம்பலில் வியர்வை பறக்கும். கறுப்பின் ரிமோட்டில் மூன்று பட்டன், தடுப்பதற்கு அந்த ஸ்டார்ட். சாம்பலில் முன்பக்கம் நாலு, ஆள்காட்டி விரல் படுகிற தோள்பட்டையில் இரண்டு. தடுப்பு அந்தத் தோள்பட்டையில்.

இந்த வித்தியாசத்துக்காகச் சந்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றது. கறுப்புக் கட்சிக்காரன் ஒருவன் சாம்பல் கட்சி வீட்டில் பெண் பார்த்த இடத்தில், கேசரி சாப்பிடாமல் எழுந்து வந்தான்.

"பாய், மூணே மூணு பட்டனை வெச்சுண்டு சண்டை போடறேளா, காலிங் பெல் அடிக்கறேளா?" என்று அச்யுத் வாசலிலிருந்து கத்துவான்.

"உங்க பொட்டில குத்துனா வேர்வ வருதே தம்பி, அது சண்டையா, பீச்சுல வாக்கிங்கா?" என்பார் மெஹபூப் அலி. ஒருநாள் ஆதரவுக்காக மரியசெல்வத்தை இழுத்தார். "நீ சொல்லு நைனா, நீ தொழில்காரன். சண்டைன்னா ரத்தம் வரணுமா, வேண்டாமா?"

மரியசெல்வம் யோசித்தான். "ரத்தம் மேக்கப்மேன் கிண்ணத்துல கலக்கிக் கொண்டாந்து ஊத்துறது பாய். வேர்வதான் எங்களுது."

அச்யுத் கைதட்டினான். மெஹபூப் அலி அன்று முழுக்க மரியசெல்வத்துக்கு டீ சொல்லவில்லை.

பேசித் தீராது என்று ஆனபின், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பந்தயம் என்று முடிவாயிற்று. கறுப்புக்கு மரியசெல்வம், சாம்பலுக்கு அச்யுத். கறுப்பில் ஓர் ஆட்டம், சாம்பலில் ஓர் ஆட்டம். எதிரி பெட்டியிலும் ஜெயித்துக் காட்டுகிறவனுடைய கட்சிதான் இனி சந்தில் பெரிய கட்சி.

மரியசெல்வம் ஓட்டமாக வீட்டுக்கு ஓடினான்.

"ஜெனி, ஞாயித்துக்கெழம வந்துரு. நான் செயிக்கப் போறேன்."

ஜெனிதா வஞ்சிரத்தின் செதிளைச் சுரண்டியபடியே நிமிர்ந்தாள். "இன்னா படம்?"

"படம் இல்ல, டிவி பொட்டி. கதை கெடையாது, ஹீரோ கெடையாது. நெசமா செயிக்கலாம்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனு தீந்தா வரேன்."

ஞாயிற்றுக்கிழமை சந்து கொள்ளவில்லை. அச்யுத் வீட்டு ஜன்னல் கம்பியில் தொங்கியவர்களின் பாரத்தில் அந்த வீடே தெருப்பக்கம் ஒரு முழம் சாய்ந்தது, பிறகு நிமிரவே இல்லை. முதல் ஆட்டம் மெஹபூப் அலி கடையில், கறுப்பில். அச்யுத்தின் ஆள்காட்டி விரல்கள் பழக்கதோஷத்தில் இல்லாத பட்டன்களை ரிமோட்டின் தோளில் தேடித் தேடித் தடவின. அவை தடவி முடிப்பதற்குள் மரியசெல்வம் அவனுடைய ஆளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டான். கறுப்புக் கட்சி விசிலடித்தது. மரியசெல்வம் மட்டும் வாசலைப் பார்த்தான். ஜெனிதா இன்னும் வரவில்லை. ஜெயித்தது வீண்.

கூட்டம் எதிர்வீட்டுக்குப் பாய்ந்தது. சாம்பல் பெட்டிக்கு முன்னால் தன் கோரைப்பாயை விரித்து அவன் உட்கார்ந்து ரிமோட்டை எடுக்கவும், வாசலில் "நவுருப்பா, நவுரு, மீன் தண்ணி மேல பட்ரும்" என்ற குரல் கேட்கவும் சரியாக இருந்தது. வழி தானாகப் பிளந்தது. காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெனிதா வந்து நின்றாள்.

ஆகாயத்தில் காத்திருந்தபோதுகூட மரியசெல்வத்துக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

ஆட்டம் ஆரம்பித்தது. இது அச்யுத்தின் வீடு, அச்யுத்தின் பெட்டி. ஆறு பட்டனிலும் அவன் விரல்கள் நாட்டியம் ஆடின. மேலே குத்து, கீழே உதை, மறுபடி குத்து. மரியசெல்வத்துக்குத் தோள் அசைவது தெரிகிறது, ஆனால் தடுக்கும் பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. அடி விழ விழ அவன் பாயில் இடமும் வலமும் உருண்டான். எப்படியோ பாய்ந்து நாலு குத்து இவனும் விட்டான். டிவியின் மேலே, அடிக்கு அடி குறைகிற உயிர்க்கோடு இரண்டு பேருக்கும் நூலளவுக்குத் தேய்ந்தது. இனி யார் அடித்தாலும் கடைசி அடி.

அச்யுத்தின் ஆள் எம்பினான். ஆகாயத்தில் காலை நீட்டிக்கொண்டு பறந்து வந்தான். மரியசெல்வத்தின் கட்டைவிரல் தன்னால் போய், கறுப்புப் பெட்டி பழக்கத்தில், ஸ்டார்ட் பட்டனை அமுக்கியது.

சாம்பல் பெட்டியில் ஸ்டார்ட் என்றால் தடுப்பு அல்ல. படம் அப்படியே நின்றது. பறந்தவன் பறந்தபடி, கால் நீட்டினபடி, ஆகாயத்தில் உறைந்தான்.

"ஃபௌல்! ஃபௌல்!" சாம்பல் கட்சி கத்தியது.

"பழக்கத்துல அமுக்கிட்டான்யா, விடுங்கய்யா!" கறுப்புக் கட்சி கத்தியது.

அச்யுத் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். "என்ன பாய் இது, மூக்குல இடிக்கற நேரத்துல நிறுத்தினா என்ன அர்த்தம்?" என்று மெஹபூப் அலியோடு மல்லுக்கு நின்றான். தண்ணீர் குடித்தான், கையை வேட்டியில் துடைத்தான், மறுபடி கத்தினான்.

மரியசெல்வம் அசையவில்லை. ஷூட்டிங்கில் 'கட்' என்று குரல் கேட்டால் ஃபைட்டர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அடுத்த ஷாட் அங்கிருந்துதான். ஒருமுறை ஹீரோவின் முஷ்டி மூக்குக்கு நேரே வந்தபோது கரண்ட் போய்விட்டது. ஹீரோ வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து வந்தார். மூக்கு வைத்த இடத்தில் இருந்தது. இன்றும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான், சாய்ந்த முதுகு சாய்ந்தபடி. கண் மட்டும் டிவியில். எத்தனை வருஷமாக எத்தனை அடி அவனை நோக்கி வந்திருக்கிறது! ஒன்றாவது இப்படி நின்று, நான் இங்கேதான் இறங்கப் போகிறேன் என்று காட்டியிருக்கிறதா? கால் எங்கே விழும் என்று பார்த்தான். ஆள்காட்டி விரலை மெதுவாக நகர்த்தி ரிமோட்டின் தோள்பட்டைப் பட்டனில் வைத்தான்.

ஒருவழியாகச் சண்டை ஓய்ந்து அச்யுத் உட்கார்ந்தான். "சரி, ஸ்டார்ட்டை மறுபடி அமுக்குங்கோண்ணா. நான் ரெடி."

"யாராச்சும் ஆக்‌ஷன் சொல்லுங்கப்பா," என்றான் மரியசெல்வம். "சொல்லலேன்னா எனக்குக் கை வராது."

ஆளுக்கொரு பக்கம் வாயெடுப்பதற்குள், மீன் விற்ற குரல் ஒன்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்தது.

"அடிய்யா!"

ஸ்டார்ட். கால் இறங்கியது. ஆள்காட்டி விரல் அமுங்கியது. அவனுடைய ஆளின் இரண்டு கைகளும் முகத்துக்கு முன்னால் போயின, உதை அதில் பட்டுச் சறுக்கியது. கால் தரையைத் தொடுவதற்குள் தாடைக்குக் கீழேயிருந்து கிளம்பியது பாருங்கள் ஒரு குத்து! அச்யுத்தின் ஆள் எகிறிப் படத்தைத் தாண்டிப் போய், நெடுநேரம் கழித்துத்தான் கீழே வந்தான். அவன் சிந்திய வியர்வையில் டிவியே நனைந்தது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

கூட்டம் போட்ட கூச்சலில் கபாலீஸ்வரர் கோயில் புறாக்கள் எழும்பி அடையாறு பக்கம் போயின. "பாத்தியா தம்பி, கறுப்புல பழகினவன் எங்க போனாலும் செயிப்பான்!" என்று மெஹபூப் அலி குதித்தார். "போங்கோ பாய், எங்க பெட்டியா இருக்கக் கொண்டுதான் உங்க ஆள்கூட இவ்ளோ அழகா ஆட முடிஞ்சுது!" என்று தோற்ற அச்யுத்தும் குதித்தான். கட்சிகள் இரண்டும் முன்னைவிட பலமாயின.

ஜெயித்தவன் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றான். கையைத் தூக்குவதா, கட்டிக்கொள்வதா? ஜெயித்தவர்களை அவன் இதுவரை தரையிலிருந்துதான் பார்த்திருக்கிறான். சண்டை முடிந்தால் உடம்புக்குத் தெரிந்தது ஒன்றுதான். பாயில் மல்லாந்து கால் பரப்பிப் படுத்தான். ஒற்றைக் கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினான்.

"ஜெனி, ஓகேவா?"

ஜெனிதா கூடையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சிட்ச்சா?" என்று விரல்களுக்குள்ளிருந்து கேட்டாள். "இன்னாய்யா, படுத்துக்கினு கீற? தோத்துட்டியா?"

"செயிச்சிட்டேன்மே! நீ பாக்கலியா?"

"அவன் கால நீட்டிக்கினு வந்தான்ல, அப்பவே மூடிக்கினேன்."

"நீதான அடிய்யான்னு கத்துன?"

"கண்ண மூடிக்கினுதான் கத்துனேன்." கையை எடுத்தாள். கண் சிவந்திருந்தது. "படத்துக்கும் அதுக்குத்தான் வர்றதில்ல. நீ தோக்குறதுக்கு இல்லய்யா. உம்மேல ஒருத்தன் கைய ஓங்குனா என்னால பாக்க முடில."

மரியசெல்வம் உருண்டு எழுந்து சாம்பல் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டான்.

"தம்பி, ஒன் மோர்."

"அண்ணா, ஆத்துல சாப்பிடக் கூப்பிட்டுண்டே இருக்கா," என்று முனகிய அச்யுத், ஜெனிதாவின் முகத்தைப் பார்த்தான். ரிமோட்டைக் கையில் எடுத்தான்.

ஜெனிதா கூடையைக் கவிழ்த்துப் போட்டு, புருஷனை ஒட்டி அதன்மேல் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"ம், ஆக்‌ஷன்!" என்றாள்.

முதல் குத்து மரியசெல்வத்தின் ஆளுக்குத்தான் விழுந்தது. மரியசெல்வம் உருண்டுபோய் அவள் காலடியில் கிடந்தான். ஜெனிதா கண்ணை மூடவில்லை.

"எழுந்திருய்யா! இன்னாத்த பாத்துக்கினு கீற? திருப்பிக் குடு!"